பந்து வைத்திருப்பவர் மட்டும் பேசலாம்

சிங்கப்பூரின் தேக்காவில் ஒரு மலிவுச் சாமான் கடை வாசலில் கூடை நிறைய மெத்தென்ற பந்துகள். மல்லிகையையும் ஊதுவத்தியையும் தாண்டி அந்தப் புது ரப்பர் வாடை மூக்கைக் குத்தியது. பிள்ளைகளுக்குப் பிடிக்கிற வாடைதான். எனக்கு ஆகாது. நான் வாங்கத்தான் நிற்கிறேன் என்று நினைத்த கடைக்காரர், "ரெண்டா எடுங்கண்ணே, கொறச்சுப் போட்டுத் தரேன்" என்றார். ஒரு பந்தே என் ஆயுசுக்குப் போதும் என்று அவரிடம் எப்படி விளக்குவது? உங்களிடம் சொல்கிறேன்.

பல வருடங்களுக்கு முன்பு நான் மேற்கே ஓர் உயர்நிலைப் பள்ளியில் புதிதாகச் சேர்ந்த தமிழாசிரியன். சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டால் கல்வி உலகமே திருந்திவிடும் என்று நம்பிய வயது. பன்னிரண்டு வயதில் எழுதிய ஒரு தேர்வை வைத்துப் பிள்ளைகளைப் பிரித்திருந்த காலம் அது. நன்றாக எழுதியவர்கள் விரைவுநிலை, அதாவது எக்ஸ்பிரஸ், மேல்மாடியில்; மற்றவர்கள் வழக்கநிலை, அதாவது நார்மல், கீழே கேன்டீன் பக்கத்தில். கோழி பொரிக்கிற எண்ணெய் வாடையில்தான் கீழே கணக்குப் போட்டார்கள். தமிழ்ப் பிள்ளைகள் சொற்பம் என்பதால் என் வகுப்பில் மட்டும் இரண்டு நிலையும் ஒன்றாக உட்கார்ந்திருக்கும். அதைச் சமத்துவம் என்று நினைத்துப் பூரித்திருக்கிறேன். வெறும் ஆள் பற்றாக்குறை.

அந்த வகுப்பில்தான் சபீனா இருந்தாள். வழக்கநிலை. எதைக் கேட்டாலும் முதலில் எழும்பும் கை அவளுடையது. வருடக் கடைசித் தேர்வில், மேல்மாடிக்கு மாறத் தேவையான மதிப்பெண்ணைத் தாண்டிவிட்டாள். ஆனால் இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றது அலுவலகம். மறுவாரம் வகுப்புகள் முடிவாகிவிடும்.

அவளுடைய அம்மா நூர்ஜஹான் தேக்காச் சந்தையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்தார். "எப்பப் போனாலும் பிரின்சிபால் மீட்டிங்ல இருக்காங்க தம்பி" என்பார். அதனால், 'எல்லாருக்கும் சமவாய்ப்பு' என்று பள்ளி ஒரு பெற்றோர் உரையாடலை அறிவித்ததும் கடையில் சொல்லிவிட்டு ஓடி வந்தார். பெருநாளுக்கு உடுத்தும் பாஜு குரோங் உடை, கொஞ்சம் அத்தர். அத்தரையும் மீறி விரல்களில் வெங்காயம். மொழிபெயர்க்க நான் பக்கத்து நாற்காலியில்.

நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். முதல்வரும் அதில் ஒருவராக உட்கார்ந்திருந்தார்; ஓர மேசையில் சுடச்சுடக் கறி பஃப். உரையாடலை நடத்தித் தர வெளியிலிருந்து ஒரு பெண் வந்திருந்தார். "வட்டத்தில் தலைமேசை கிடையாது, எல்லாரும் சமம்" என்றார். பிறகு ஒரு மஞ்சள் பந்தைக் காட்டினார். பந்து யார் கையில் இருக்கிறதோ அவர் மட்டும் பேசலாம். மற்றவர்கள் கேட்க வேண்டும்.

பந்து சுற்றியது. தீபாவளிக்குப் பக்கத்து வீட்டுக்காரர்களோடு முறுக்குப் பரிமாறிக்கொள்வதாக ஒரு தமிழ் அப்பா உருகினார். அவர் பிள்ளை மேல்மாடி. அடுத்து நூர்ஜஹான்.

"எம்புள்ள மார்க் எடுத்துருச்சு. எக்ஸ்பிரஸுக்கு மாத்துவீங்களா, மாட்டீங்களா?"

ஆங்கிலத்தில் சொன்னேன். அந்தப் பெண் நெஞ்சில் கை வைத்து, "மனம் திறந்ததற்கு நன்றி. அடுத்தவருக்குக் கொடுங்கள்" என்றார்.

நூர்ஜஹான் பந்தை மடியில் இறுக்கிக்கொண்டார். "பதில் வரட்டும், குடுக்கிறேன்."

"பந்து உங்களிடம் இருந்தால் முதல்வர் எப்படிப் பேசுவார்?" என்றார் அந்தப் பெண்.

முதல்வர் தன் வெறுங்கைகளை விரித்துக் காட்டினார். உதட்டைப் பூட்டுவது போல் சைகை வேறு. எல்லாரும் சிரித்தார்கள். முறுக்கு அப்பா தமிழில், "குடுத்துருங்க லா அக்கா, கறி பஃப் ஆறிடும்" என்றார்.

"ஒங்க புள்ள மேல இருக்கு. ஒங்களுக்கு எறங்கும், சாப்பிடுங்க."

எழுந்தார். வட்டத்தின் நடுவே நடந்து போய் முதல்வரின் கையிலேயே பந்தை வைத்தார். "இந்தாங்க. இப்பச் சொல்லுங்க."

முதல்வர் பந்தை இரண்டு கைகளிலும் ஏந்தினார். "நெகிழ்ந்துவிட்டேன். இப்படிப்பட்ட குரல்களுக்காகத்தான் இந்த வட்டம்." சொல்லிவிட்டு, பந்தை முறுக்கு அப்பாவுக்குத் தூக்கிப் போட்டார். கைத்தட்டல். நூர்ஜஹான் வாயைத் திறந்தார். அந்தப் பெண் மிக அன்பாக, உதட்டில் விரல் வைத்தார்.

நூர்ஜஹான் நாற்காலிக்குத் திரும்பி என் காதில் கேட்டார்: "என்ன சொன்னாங்க? ஆமாவா, இல்லையா?"

"நெகிழ்ந்துட்டாங்களாம்க்கா."

"அப்ப எக்ஸ்பிரஸா?"

மறுவாரம் வந்த வகுப்புப் பட்டியலில் சபீனா கீழேயே இருந்தாள். இடமில்லையாம். பள்ளி மலரில் அவள் அம்மாவின் படம் முழுப் பக்கத்துக்கு வந்தது, வட்டத்தின் நடுவே நிற்கிற படம். மேல்மாடிப் பிள்ளை ஒருவன் அதை என் வகுப்புக்குக் கொண்டுவந்து, "ஏய், ஒங்கம்மா ஸ்டார் லா!" என்று சபீனாவின் மேசையில் போட்டான். அதற்குப் பிறகு அவள் கை எழும்பியதே இல்லை.

அந்தப் பள்ளியை இன்னொன்றோடு சேர்த்துவிட்டார்கள். கட்டடத்தை இடித்து வேலி போட்டாயிற்று. உள்ளே லாலாங் புல் ஆள் உயரம். விரைவுநிலை, வழக்கநிலை என்ற பிரிவுகளையும் எடுத்துவிட்டார்கள். இன்று சேரும் பிள்ளைகளிடம் அந்தப் பெயர்களைச் சொன்னால் ரயில் வகையா என்று கேட்பார்கள்.

போன மாதம் சிராங்கூன் சாலை பேருந்து நிறுத்தத்தில் நூர்ஜஹானைப் பார்த்தேன். நல்ல செய்தி சொல்கிற அவசரத்தில், நலம் விசாரிப்பதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டேன்: "அக்கா, அந்த நார்மல், எக்ஸ்பிரஸ் எல்லாத்தையும் எடுத்துட்டாங்க, தெரியுமா?"

"தெரியும் தம்பி, நியூஸ்ல சொன்னாங்க" என்றார், பேருந்து வருகிற திசையைப் பார்த்தபடி. "சபீனா பக்கத்துல உக்காந்திருந்தா. சேனல மாத்திட்டேன்."