அக்கா விட்டுப் போன கிளி

அக்கா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனபோது எங்களிடம் ஒரு தையல் மெஷினையும், இரண்டு கோழிகளையும், ஒரு கிளியையும் விட்டுப் போனாள். மெஷினை நான் பாவித்தேன். கோழிகளைக் கீரி கொண்டு போய்விட்டது. கிளிதான் எங்களோடு தங்கியது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது.

நாங்கள் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், வரிசையாகக் கட்டிய லயத்து வீடுகளில் கடைசிக் காம்பராவில் இருந்தோம். கணவருக்கு மலையில் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்து வேலை. எனக்குப் பிள்ளைமடுவத்தில் வேலை. கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார் காலையில் கைக்குழந்தைகளை எங்களிடம் விட்டுவிட்டுப் போவார்கள். அவர்கள் திரும்பி வரும்வரை தொட்டில் ஆட்டுவதும், புட்டியில் பால் கொடுப்பதும், நடக்கத் தொடங்கிய பிள்ளைகளைக் வாசலில் ஓடும் தண்ணீர்க் கானில் விழாமல் பிடிப்பதும் என் வேலை.

அக்காவுக்குப் பிள்ளைகள் இல்லை. அத்தான் லொறியில் போய் வந்த காலத்தில், மஹியங்கனைப் பக்கம் எங்கேயோ இருந்து குஞ்சாக அந்தக் கிளியைக் கொண்டு வந்து கொடுத்தார். அத்தான் இறந்த பிறகு அக்கா வீட்டிலிருந்தே சட்டை தைத்துப் பிழைத்தாள். நாள் முழுக்க மெஷினுக்குப் பக்கத்தில்தான் கூண்டு. அவள் தைத்துக்கொண்டே பேசுவாள், கிளியும் பேசும். தைக்க வரும் பெண்கள் அதனுடைய பேச்சைக் கேட்பதற்காகவே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போவார்கள்.

போகிற அன்று அக்கா எனக்குச் சொன்னது இவ்வளவுதான்: "அதுக்கு ஒன்னும் பெருசா வேணாம்டி. கொஞ்சம் சோறு வை. காலையில ஒரு பிஸ்கட்ட தேத்தண்ணியில நனைச்சுக் குடு. மத்ததெல்லாம் அதுவே கேக்கும்."

முதல் சில நாட்கள் கேட்கத்தான் செய்தது. "அக்கா, தேத்தண்ணி" என்று, அவள் பழக்கிய மாதிரியே, அவளுடைய குரலிலேயே கூப்பிடும். பிறகு கூப்பிடுவது குறைந்தது. கொஞ்ச காலத்தில் அடியோடு நின்றது. கூண்டின் பின்மூலையில், சுவரைப் பார்த்துக்கொண்டு, இறகைப் பந்து மாதிரி உப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. நாங்கள் இருவரும் விடியற்காலையில் கதவைப் பூட்டிக்கொண்டு போனால் பின்னேரம்தான் வருவோம். குளிருக்குப் பயந்து கூண்டை அடுப்படியில் தொங்கவிட்டிருந்தோம். அங்கே வெளிச்சம் கிடையாது, புகைதான். அதெல்லாம் அப்போது எனக்கு ஒரு விஷயமாகவே படவில்லை. நெஞ்சில் இறகு குறைந்து தோல் தெரியத் தொடங்கியபோதுதான் பயம் வந்தது. தன் இறகைத் தானே பிடுங்கிப் போட்டுக்கொண்டிருந்தது.

"இது சரிவராது புள்ள. யாருக்காச்சும் குடுத்துடு" என்றார் கணவர்.

"அக்கா வந்து கேட்டா?"

"பறந்துருச்சுன்னு சொல்லு."

"நெஞ்சுல ஒரு இறகு இல்ல, இது எங்க பறக்கப் போகுது?" என்றேன். அவர் எழுந்து கவ்வாத்துக் கத்தியைத் தீட்டப் போய்விட்டார்.

அந்த நேரத்தில் அக்காவிடமிருந்து ஒரு கேசட் வந்தது. அப்போதெல்லாம் வெளிநாட்டிலிருப்பவர்கள் கேசட்டில் பேசி, ஊருக்கு வருபவர்களிடம் கொடுத்தனுப்புவார்கள். மஸ்கெலியாவுக்குத் திரும்பி வந்த ஒரு பெண் கொண்டு வந்து தந்தாள். அக்காவின் குரலைக் கேட்டால் கிளி தெளிந்துவிடும் என்று நினைத்து, கேசட் ரேடியோவைக் கூண்டுக்குப் பக்கத்திலேயே வைத்துப் போட்டேன்.

"தங்கச்சி, நான் சுகமா இருக்கேன்" என்று அக்கா தொடங்கியதும் கிளி திரும்பியது. கம்பியைப் பிடித்துக் கீழே இறங்கி ரேடியோப் பக்கம் வந்தது. தலையைச் சாய்த்துக் கேட்டது. "அக்கா, அக்கா" என்று கூப்பிட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆனால் கேசட் முடிந்த பிறகும் அது கூப்பிடுவதை நிறுத்தவில்லை. கூண்டின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடி ஓடித் தேடியது. இருட்டியபின் தொண்டை கட்டிப்போய் அடங்கியது. மறுநாள் கூண்டுக்கடியில் ஒரு கைப்பிடி இறகு கிடந்தது. அதற்குப் பிறகு அக்காவின் கேசட்டை நாங்கள் பக்கத்துக் காம்பராவில்தான் போட்டுக் கேட்டோம்.

பக்கத்துக் காம்பராக்காரர்கள் மாடு வளர்த்தார்கள். அதற்கு ஊசி போட அரசாங்க மாட்டு டொக்டர் ஒருவர் வருவார். சிங்களவர், தமிழும் பேசுவார். ஒருநாள் அவர் கை கழுவிக்கொண்டிருந்தபோது கூண்டைத் தூக்கிக்கொண்டு போய் முன்னால் நின்றேன்.

"நோனா, நான் மாட்டு டொக்டர்" என்றார் சிரித்துக்கொண்டு. ஆனால் குனிந்து பார்த்தார். சிரிப்பு போய்விட்டது. "இது என்ன சாப்பிடுது?"

"சோறு, தேத்தண்ணியில நனைச்ச பிஸ்கட்டு."

"வேற?"

"வேற ஒன்னும் இல்லங்க."

"நீங்க ரெண்டு வருஷம் பிஸ்கட் மட்டும் சாப்பிட்டா எப்பிடி இருப்பீங்க? எங்க வைக்கிறது இத?"

அடுப்படியைக் காட்டினேன். உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு இருமினார்.

"கிளிக்கு மருந்து எனக்குத் தெரியாது. ஆனா இந்தப் புகை வேணாம். வெயில் வேணும். பச்சையா சாப்பாடு குடுங்க. போஞ்சி, கரட், கொய்யா, கீரை, மிளகாய். பழைய சாப்பாட்ட ஒரேயடியா நிப்பாட்ட வேணாம், கொஞ்சம் கொஞ்சமா குறைங்க. அப்புறம் இது தனியா இருக்கிற சாதி இல்ல. கூட்டமா இருக்கிறது."

பறக்க விட்டுவிட்டால் என்ன என்றும் கேட்டேன். குஞ்சிலிருந்து மனிதர் கையில் தின்றது, இந்தக் குளிரில் இரண்டு நாள் தாங்காது என்றார்.

அன்றைக்கே கூண்டை முன்பக்கத்துத் திறந்த தாழ்வாரமான இஸ்தோப்புக்கு மாற்றினேன். இரவில் மட்டும், அடுப்பு அணைந்த பிறகு உள்ளே எடுத்து, கம்பளி போட்டு மூடுவேன். சாப்பாடுதான் பெரிய பாடு. போஞ்சிக்காயை வைத்தால் தூக்கி எறியும். கரட்டைத் திரும்பியும் பார்க்காது. கொய்யா இரண்டு நாள் கிடந்து அழுகியது. கடைசியில் நான் கூண்டுக்கு முன்னால் உட்கார்ந்து பச்சைப் போஞ்சியை நறுக் நறுக்கென்று கடித்துத் தின்னத் தொடங்கினேன். கணவர் பார்த்துவிட்டு, "இப்ப ரெண்டு பேருக்கும் டொக்டர் வேணும்" என்றார்.

முதலில் அது வாங்கியது மிளகாயைத்தான். சம்பலுக்கு எடுத்து வைத்திருந்த ஒன்றைக் கம்பியிடுக்கில் நீட்டினேன். கழுத்தை நீட்டிப் பிடுங்கிக்கொண்டு போய், ஒரு காலில் பிடித்து விதை விதையாகத் தின்றது. அது எதையாவது காலில் பிடித்துத் தின்று நான் பார்த்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. மிளகாய்க்குப் பின் போஞ்சி, போஞ்சிக்குப் பின் கரட். வெயில் நாட்களில் தண்ணீர் தெளித்தால் முதலில் ஒதுங்கியது, பிறகு இறக்கையை விரித்துக் காட்டியது.

கணவருடைய மனம் எப்போது மாறியது என்று எனக்குத் தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய தேயிலைப் பெட்டிச் சட்டங்களையும் கம்பி வலையையும் கொண்டு வந்து போட்டார். அன்று முழுக்க இருந்து, முன்னையதைப்போல மூன்று மடங்கு பெரிய கூண்டொன்றை அடித்து முடித்தார். மலையிலிருந்து வரும்போது பட்டையோடு கொய்யாக் கிளை ஒடித்துக்கொண்டு வருவார். கிளி அதை உரித்து உரித்துப் போடும். இறகைப் பிடுங்குகிற வாய்க்கு வேறு வேலை கிடைத்தது.

ஆனால் பகலில் தனிமை இருந்தது. அதற்கு எனக்குத் தெரிந்த ஒரே கூட்டம் பிள்ளைமடுவம்தான். பழைய சிறிய கூண்டில் வைத்துக் கொண்டுபோய், வெளியே கொய்யா மரத்தில் தொங்கவிட்டேன். பிள்ளைமடுவத்தை மேற்பார்க்கும் தோட்டத்து நலன்புரி ஐயா வந்து பார்த்துவிட்டுச் சத்தம் போட்டார்.

"இது பிள்ளைமடுவமா, மிருகக்காட்சிசாலையா?"

"உள்ள கொண்டு வரமாட்டேங்க ஐயா. அந்த மரத்துலயே இருக்கட்டும்."

மரத்தடிக்குப் போய்க் கூண்டை எட்டிப் பார்த்தார். அந்த மொட்டை நெஞ்சைப் பார்த்து அவருக்கும் துரத்த மனம் வரவில்லை போலும். "புள்ளைங்க கை படக்கூடாது. தொட்டா கைய கழுவிட்டுத்தான் புள்ளய தொடணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பிள்ளைகள் அழுவார்கள், சிரிப்பார்கள், தகரத்தைத் தட்டுவார்கள். கிளி முதலில் பயந்து ஒடுங்கியது. ஒரு கிழமை போனதும் முன்பக்கம் வந்து உட்கார்ந்து பார்க்கத் தொடங்கியது. பிறகு ஒரு மழைக்கால முற்பகல், நான் ஒரு குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கையில், "அங்க போகாத! கான்ல விழுவ!" என்று வெளியே யாரோ கத்தினார்கள். எழுந்து ஓடினேன். பிள்ளைகள் எல்லோரும் உள்ளேதான் இருந்தார்கள். மரத்தில் கிளி மட்டும் இருந்தது. நாள் முழுக்க நான் கத்துவதைத்தான் அது கத்தியது, என் குரலில். நான் அவ்வளவு கடுமையாகவா கத்துகிறேன் என்று வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது.

அக்கா ஒப்பந்தத்தை நீட்டி நீட்டி, இரண்டாயிரம் பிறந்த பிறகுதான் ஒரேயடியாகத் திரும்பினாள். வந்ததும் நேராகக் கூண்டுக்குள் கையை விட்டாள். கிளி நன்றாகக் கடித்துவிட்டது. ரத்தம் வந்த விரலை வாயில் வைத்துக்கொண்டு, "என்னைய மறந்துருச்சுடி" என்றாள்.

"மறக்கலக்கா. நீ போனதும் அது பட்ட பாட்ட நீ பாக்கல. கொஞ்ச நாள் சும்மா பக்கத்துல இரு."

ஹட்டனில் சிறிய தையல்கடை ஒன்று போட்டாள். கிளியைக் கொண்டுபோக அவளுக்கு ஆசை. எனக்குக் கொடுக்க மனமில்லை. ஆனால் எனக்கு அப்போது வயிற்றில் ஐந்து மாதம், பிள்ளை பிறந்தால் கிளியைக் கவனிக்க நேரம் இருக்காது, அதற்குப் பழைய தனிமைதான் வரும். கணவர்தான் வழி சொன்னார்: "மதினி, அவசரப்படாதீங்க. வாரா வாரம் வந்து நீங்களே தீனி குடுங்க. அது உங்க கைக்கு வந்த அன்னிக்குக் கொண்டு போங்க."

அக்கா ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பஸ் ஏறி வந்தாள். கடையைத் திறக்காமல் வந்த நாளும் உண்டு. இஸ்தோப்பில் ஒரு பெட்டியைப் போட்டு உட்கார்ந்து, எதையாவது கையால் தைத்துக்கொண்டே பேசிக்கொண்டிருப்பாள். மூன்றாம் மாதம் கிளி அவள் மணிக்கட்டில் ஏறியது. அடுத்த வாரம் லொறி பிடித்து, பெரிய கூண்டோடு கொண்டுபோனாள். அன்று பின்னேரமும் கணவர் மலையிலிருந்து கொய்யாக் கிளை ஒடித்துக்கொண்டு வந்தார். வாசலில் நின்று பார்த்துவிட்டு, அதை அடுப்பில் வைத்தார்.

பிள்ளை பிறந்து கொஞ்சம் வளர்ந்ததும் தூக்கிக்கொண்டு ஹட்டனுக்குப் போனேன். கடை பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில்தான், ஒரே சத்தம். கிளி உயரத்தில் இருந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தது. கொண்டக்டர் மாதிரி "ஹட்டன் ஹட்டன் ஹட்டன்" என்றது. நெஞ்சில் இறகு வந்திருந்தது. நடுவில் மட்டும் ஒரு ரூபாய் நாணயக் குற்றி அளவுக்குச் சாம்பல் தோல் அப்படியே இருந்தது. இனி அங்கே முளைக்காது போல.

"துணி மேலெல்லாம் கொய்யா விதைய துப்புதுடி. போன வாரம் ஒரு கல்யாண ஜக்கெட் போச்சு" என்றாள் அக்கா, சலிப்பாக. அடுத்த துணியை எடுத்துக் கூண்டைவிட்டுத் தள்ளி வைத்துவிட்டு, மெஷினை மிதிக்கத் தொடங்கினாள்.