பிரித்த நூலும் ஒட்டிய தாளும்

பழைய துப்பட்டியின் ஓரத்தையலில் சரியான இழையைப் பிடித்து இழுத்துவிட்டால், ‘சர்ர்’ரென்ற சத்தத்தோடு முழம் முழமாக நூல் கழன்று வரும். அந்தச் சத்தத்தின்மேல் எனக்கிருந்த ஆசை தெரிந்து, கிழிந்த துணி எது கிடைத்தாலும் அம்மா என்னைத்தான் கூப்பிடுவாள். குடவாசலில் எங்கள் தெருப் பெண்களுக்கெல்லாம் அம்மாதான் தையல்காரி. எதையும் வீணாக்கத் தெரியாதவள். தீர்ந்துபோன மர ‘நூல்கட்டை’ எங்கள் வீட்டில் குண்டான் மூடிக்குப் பிடியாகும், தம்பியின் தீப்பெட்டி வண்டிக்குச் சக்கரமாகும். மிச்சக் கட்டைகளில் பிரித்த நூலைச் சுற்றி வைப்போம். பூக்கட்டவும் பொட்டலம் கட்டவும் அதுதான்.

அதற்கு ஒரு சட்டம் இருந்தது. பழைய நூலைச் சுற்றுமுன் கட்டையின் தலையில் ஒட்டியிருக்கும் வட்டத் தாளைக் கிழித்துவிட வேண்டும். தாள் இருந்தால் புதுசு, இல்லாவிட்டால் பழசு. “ஒரு தடவ தச்சுப் பிரிச்ச நூலு கனம் தாங்காது புள்ள, மாத்தி வச்சிடாத” என்று அம்மா எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள்.

எனக்கு அப்போது எட்டு வயது, காதில் ஏறினால்தானே! ஒரு கட்டையின் தாள் பொன்னிற எழுத்துகளோடு அவ்வளவு அழகாக இருந்தது. கிழிக்க மனம் வராமல் நகத்தால் நெம்பி முழுசாக எடுத்தேன். துப்பட்டி நூலைத் தண்ணீரில் நனைத்து, நெளிவு தெரியாமல் இறுக்கிச் சுற்றி, சோற்றுப் பருக்கையால் தாளை மறுபடி ஒட்டினேன். கடையிலிருந்து வந்ததுபோலவே இருந்தது. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு அதைப் புதுக்கட்டைகள் இருந்த டப்பாவில் போட்டுவைத்தேன்.

அத்தா அப்போது விடுப்பில் வந்திருந்தார். எங்கள் பக்கம் அப்பாவை ‘அத்தா’ என்றும், வெளிநாட்டுப் பிழைப்புக்குப் போவதை ‘சபர்’ என்றும் சொல்வோம். நான் கைக்குழந்தையாக இருந்தபோது சபருக்குப் போனவர், நாலு வருடம் கழித்து முதல்முறை திரும்பி வந்தார். “இது யாரும்மா?” என்று கேட்டு அம்மாவின் முந்தானைக்குள் ஒளிந்துகொண்டேனாம். இது அவருடைய இரண்டாவது விடுப்பு. திரும்பிப் போகவேண்டிய நாள் நெருங்கியதும், பாஸ்போர்ட்டைப் பத்திரமாக வைக்க, அவருடைய பனியனின் உள்பக்கத்தில் அம்மா கையாலேயே ஒரு பை தைத்துக் கொடுத்தாள்.

மறுநாள் துஆ ஓதிப் பிரார்த்தித்து, அழுது, தெருவே திரண்டு வழியனுப்பியது. இரண்டாம் நாள் மத்தியானம் அத்தா வாசலில் நின்றார். கும்பகோணம் பஸ் நிலையத்து நெரிசலில் பை பிய்ந்து, தொளதொளவென்று வெளியே விட்டிருந்த சட்டைக்கடியில் பாஸ்போர்ட் நழுவி விழுந்திருக்கிறது. தேடாத இடமில்லை. ஒரு பக்கம் தைத்தபடி தொங்கிய அந்தப் பையைப் பார்த்தவுடனேயே எனக்கு விளங்கிவிட்டது. அறுந்து நீட்டிக்கொண்டிருந்தது துப்பட்டி நூல்.

பின்வாசல் வழியாக ஓடி, அந்தக் கட்டையை வாய்க்காலில் எறிந்தேன். மரமல்லவா, மூழ்காமல் மிதந்தே போனது.

புது பாஸ்போர்ட் கிடைக்க மாதக்கணக்கில் ஆகி, சொன்ன நாளுக்குள் போய்ச் சேராததால் அத்தாவின் வேலை வேறொருவருக்குப் போயிற்று; மறுபடி சபர் அமையவில்லை. கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக்கடையில் துணி மடிக்கச் சேர்ந்து, தினமும் பஸ்ஸில் போய்வந்தார். தெருவில் அம்மாவின் பெயர்தான் நாறியது. “புருஷன் பையையே ஒழுங்கா தைக்கல, நம்ம துணியை எங்க தைக்கப்போறா” என்று பக்கத்து வீட்டு மாமி எங்கள் காதுபடவே சொன்னாள். கல்யாணத் துணிகள் வருவது நின்றது. அம்மா மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. அத்தாதான் ஒவ்வொரு முறையும், “அவளைச் சொல்லாதீங்க. பஸ்ஸுல ஏறுறதுக்கு முன்னாடி நாந்தான் தொட்டுப் பார்த்திருக்கணும்” என்பார். அதைக் கேட்டும் நான் உண்மையைச் சொல்லவில்லை. அப்படியொரு கோழை நான்.

இப்போது அம்மா மன்னார்குடியில் என்னோடு இருக்கிறாள். மரக்கட்டையில் நூல் வருவதில்லை, எல்லாம் பிளாஸ்டிக். பழைய துணியைப் பிரித்து நூலெடுக்க யாருக்கும் நேரமுமில்லை. போன மாதம் பேரனுடைய சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தவளிடம், நாற்பது வருடமாக நெஞ்சில் கிடந்ததைக் கொட்டி அழுதேன்.

அம்மா ஊசியை நிறுத்தினாள்.

“பிரிச்ச நூலு எனக்குத் தெரியாதா? விரல்ல எடுத்தப்பவே நெளிநெளியா இருந்துச்சு. புது நூலு பக்கத்துலதான் கெடந்துச்சு.”

“அப்புறம் ஏம்மா அதுலயே தச்சே?”

“நீ அவரை யாருன்னு கேட்டல்ல, அன்னைக்கு ராத்திரி பூரா அவரு தூங்கல. ரெண்டாந்தடவ வந்தப்பவும் மறுபடி போறேன்னாரு. போகாதீங்கன்னு சொல்ல எனக்கு வாய் வரல. அறுந்தா அறுந்துட்டுப் போவட்டும்னு தச்சேன்.”

சொல்லிவிட்டு மறுபடி பொத்தானைத் தைக்கத் தொடங்கினாள். தினமும் சாயங்காலம் அத்தா வீட்டுக்கு வந்த வருடங்கள் எங்களுக்கு அப்படித்தான் கிடைத்திருக்கின்றன. தன் கவனக்குறைவால்தான் பிள்ளைகள் வசதியில்லாமல் வளர்ந்தார்கள் என்று, கடைசியாகப் படுத்த படுக்கையிலும் என் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார் அத்தா. எங்கள் மூவரில் தப்பே செய்யாதவர் அவர் ஒருவர்தான். அதை அவரிடம் சொல்ல எங்கள் இருவருக்கும் இனி வழியில்லை.