கிளிப் விழுந்த தகடு

என் வீட்டுக்காரர் தோல் தொழிற்சாலையில் பிரஸ் ஓட்டுகிறவர். காய்ந்த தோலைச் சூடான எஃகுத் தகட்டுக்கு அடியில் வைத்து அமுக்கினால் வழவழவென்று பளபளப்பு ஏறி வரும். அந்தத் தகட்டில் ஒரு கீறல் இருந்தால் போதும், அமுக்குகிற தோல் அத்தனையிலும் அதே கீறல் விழும். இது எனக்கு நன்றாகவே தெரியும். அந்த மாதிரித் தகடுகளைத் தேய்த்து மெருகேற்றித் தரும் பட்டறையை ஆம்பூரில் நடத்துகிறவளே நான்தான்.

போன மழைக்காலத்தில் ஒரு நாள் லோடு ஆட்டோவில் ஒரு தகடு வந்து இறங்கியது. கூடவே அவரும் இறங்கினார். தோலை இழுத்துப் பிடித்துக் காயவைக்க ஓரத்தில் இரும்புக் கிளிப் மாட்டுவார்கள். யாரோ ஒரு கிளிப்பைக் கழற்றாமல் விட்டிருக்கிறார்கள், இவரும் கவனிக்காமல் அமுக்கிவிட்டார். கிளிப்பின் பல் தகட்டில் அப்படியே பதிந்துவிட்டது. தகடு சரியானால் பிரஸ்ஸுக்கு வா, இல்லாவிட்டால் வராதே என்று முதலாளி சொல்லிவிட்டாராம்.

அதுகூடப் பரவாயில்லை. பயத்தில் எமரி உப்புத்தாளை எடுத்து, தடம் விழுந்த இடத்தை மட்டும் இவரே போட்டுத் தேய்த்திருக்கிறார். எனக்கு வந்ததே கோபம்.

“இன்னாயா பண்ணி வெச்சிருக்க? தடமும் போவல, இப்ப பள்ளம் வேற!”

“போயிடும்னு நெனச்சேன்.”

“பொண்டாட்டி இன்னா வேலை பண்றான்னு இத்தினி வருஷமா பாக்கறியே, ஒண்ணுமே மண்டைல ஏறலையா?”

பள்ளத்தைத் தேய்த்து எடுக்க யாராலும் முடியாது. சுற்றியிருக்கும் மேட்டைத்தான் பள்ளத்தின் மட்டத்துக்கு இறக்க வேண்டும். அதாவது தகடு முழுவதையும் தேய்க்க வேண்டும். முடியுமா என்று நான் யோசிக்கவே இல்லை. என் கைக்கு வந்த தகடு எதுவும் கெட்டுத் திரும்பியதில்லை. தற்பெருமை என்றால் இருக்கட்டும்.

மண்ணெண்ணெய் விட்டுச் சாணைக்கல்லால் தொடங்கினேன். கல்லின் கோடு ஒரு பக்கமாக ஓடினால், அடுத்த தாளை அதற்குக் குறுக்கே ஓட்ட வேண்டும். பழைய கோடு மறைந்த பிறகுதான் இன்னும் நைசான தாள். தாள் சுற்றிய மரக்கட்டையின் மறுமுனையை அவர் பிடித்துக்கொண்டார். வேறு வேலை தனக்கு என்ன தெரியும் என்று முனகிக்கொண்டே தேய்த்தார். சாப்பாட்டைத் தட்டில் வைத்தால் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார். திட்டியிருக்க வேண்டாமோ என்று எனக்குப் பாவமாக இருந்தது. ஆனாலும் வாயைத் திறந்து சொல்லவில்லை.

கடைசியில் துணிச் சக்கரத்தில் மெருகேற்றி, டியூப்லைட்டுக்கு நேராகத் தகட்டைச் சாய்த்தோம். பள்ளம் இருந்தால் தகட்டில் தெரியும் விளக்கு நெளியும். விளக்கு நேராக நின்றது.

பிரஸ்ஸில் மாட்டும்போது நானும் போனேன். முதலாளி உள்ளங்கையால் தகட்டைத் தடவிப் பார்த்தார்.

“மாஷா அல்லா, புதுசு கணக்கா இருக்குதும்மா. ஏம்பா, இன்னும் இன்னா பாக்கற? அமுக்கு.”

இவர் தோலை விரித்தார். ஓரத்தைச் சுற்றி விரலால் தடவினார். மறுபடியும் தடவினார். பட்டனுக்குப் போன கை பாதியிலேயே நின்று, திரும்பவும் தோலின் ஓரத்துக்கே வந்தது. வேலையாட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“பேஜார் பண்ணாதப்பா. முடியலன்னா சொல்லு, வேற ஆளை நிறுத்தறேன்,” என்றார் முதலாளி.

தகட்டை நான் சரி செய்துவிட்டேன். இவருடைய கை இன்னும் சரியாகவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நேராகப் போய்த் தோலின் நாலு ஓரத்தையும் என் கையால் தடவினேன்.

“கிளிப் இல்ல, நானும் பாத்துட்டேன். நீ அமுக்குயா,” என்றேன், எல்லாருக்கும் கேட்கட்டும் என்று. “இன்னொண்ணு விழுந்தாதான் இன்னா? தேய்க்க நான் இருக்கறேன்.”

பிரஸ் இறங்கியது. வெளியே வந்த தோலை முதலாளி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதற்குள் இவர் அடுத்த தோலை விரித்துவிட்டார்.