ஒன்றையும் விடாத கைகள்

மேடை ஏறுமுன் வளையல், மோதிரம், கைக்கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொள்வார். நகங்களில் சாயம் கிடையாது. பூவோ கோடோ இல்லாத கருநீல ஆடை. "பின்னாடி டிசைன் ஓடுச்சுன்னா முன்னாடி வார்த்தை தெரியாது" என்பார். பிறகு விளக்குக்காரரை விரட்டி, தன் முகத்திலும் கைகளிலும் நிழல் விழாதபடி வெளிச்சத்தைத் திருப்ப வைப்பார்.

பேச்சைக் காது கேளாதவர்களுக்குச் சைகையில் சொல்வது அவர் தொழில். விழா நடத்துபவர்கள் வைத்த பெயர் கை டீச்சர். பேச்சாளர் தும்மினால் 'தும்மினார்' என்று கை சொல்லும். வாசலில் யாராவது ஹாரன் அடித்தால் அதுவும் சபைக்குப் போய்ச் சேரும். பேருந்தில் உட்கார்ந்திருக்கும்போதுகூட, பின்னால் யாரோ போனில் போடும் சண்டைக்கு அவர் விரல்கள் மடியில் தானாக அசைவதைக் கண்டிருக்கிறேன்.

அவருடைய அம்மா, அப்பா இருவருக்கும் காது கேட்காது. "ரெண்டு கையிலயும் பை இருந்தா எங்க வீட்ல யாருக்கும் பேச்சே வராது" என்று சிரிப்பார். சிரிக்காமல் சொன்னது ஒன்றுண்டு. "எனக்கு ஒம்பது வயசு. அப்பாவுக்கு நாள் அதிகம் இல்லன்னு டாக்டர் சொன்னாரு. நான் அம்மாகிட்ட சரியாயிடும்னு சொல்லிட்டேன். பதினோரு நாள்தான் இருந்தாரு. ஏன் சொல்லலன்னு அம்மா கேட்டாங்க."

காது கேளாதோர் தினத்துக்கு ஆண்டு தவறாமல் அவரை அழைத்த ஒரு சங்கம் இப்போது அழைப்பதில்லை. காரணத்தை மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து நானே பார்த்தேன்.

'சமத்துவம், மரியாதை, எல்லோருக்கும் இடம்' என்ற பேனருக்குக் கீழே தலைமை விருந்தினர் நாற்பது நிமிடம் பேசினார். பேசி முடித்ததும் சபை இரு கைகளையும் உயர்த்தி விரித்து ஆட்டியது. அவர்கள் கைதட்டுவது அப்படித்தான். அது விருந்தினருக்குத் தெரியவில்லை. நாற்காலியில் போய்ச் சாய்ந்தவர், சட்டையில் மாட்டியிருந்த மைக் இன்னும் உயிரோடு இருப்பதை மறந்து, பக்கத்திலிருந்த செயலாளரிடம் சொன்னார்:

"இந்த ஊமைக் கூட்டத்துக்கு எதுக்குய்யா இவ்வளவு நேரம்? கைதட்டக்கூடத் தெரியல. போட்டோ எடுத்தாச்சுல்ல, கிளம்புவோம்."

ஒலிபெருக்கி அதை அரங்கம் முழுக்கப் பரப்பியது. காது கேட்கும் நாங்கள் சிலர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். நல்லவேளை, அவர்களுக்குக் கேட்காது என்று ஒரு கணம் நினைத்தேன். நினைத்ததற்கு இன்றும் வெட்கப்படுகிறேன்.

கை டீச்சரின் கைகள் எழுந்தன. ஊமை. கூட்டம். கைதட்டத் தெரியல. போட்டோ. ஒன்றையும் விடவில்லை. சபையில் உயர்ந்திருந்த கைகள் அங்கங்கே அப்படியே நின்று, மெல்ல இறங்கின.

செயலாளர் பாய்ந்து வந்து, "அதெல்லாம் சொல்லாதீங்க மேடம்" என்றார். அதையும் கைகள் சொல்லின.

முன்வரிசையில் லேத் பட்டறைக்காரர் ஒருவர், பேத்தியைத் தோளிலிருந்து இறக்கிவிட்டு எழுந்தார். அவர் சைகை காட்ட, கை டீச்சர் அவர் குரலாக மைக்கில் பேசினார்: "நாப்பது நிமிஷம் நீங்க பேசினத நாங்க கண் எடுக்காம கேட்டோம். கைதட்டவும் செஞ்சோம். நீங்கதான் பாக்கல."

விருந்தினர் வியர்த்துப்போய் மறுபடி மைக் முன் வந்தார். தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம், ஏதோ அவசரத்தில் வந்துவிட்டது, மனதார மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன் என்று தொடங்கினார். பட்டறைக்காரர் உட்கார்ந்து கண்களை மூடிக்கொண்டார். காது கேட்பவர்கள் காதைப் பொத்துவதுபோல. பக்கத்திலிருந்த அவர் மனைவி மூடினார். அடுத்த வரிசை மூடியது. அதற்கடுத்ததும். சில நொடிகளில் இருநூறு பேர் நிமிர்ந்து உட்கார்ந்தபடி கண்மூடியிருந்தார்கள்.

பார்க்க ஒருவருமில்லாத அந்தச் சபைக்கு, கை டீச்சர் நேராக நின்று, அந்த மன்னிப்பைக் கடைசிச் சொல் வரை கைகளால் சொல்லி முடித்தார்.