மெஷின் ஓடுதா, அக்கா?

பெங்களூர் நெடுஞ்சாலையில், காஞ்சிபுரத்துக்கு அருகே முசரவாக்கம் பக்கமாக ஒரு பெரிய சைவ ஓட்டல் இருக்கிறது. ஓட்டலை ஒட்டி ஒரு பட்டுப்புடவைக் கடை. இரண்டுக்கும் முதலாளி ஒருவரே. வாசலின் இடது பக்கம், கழிப்பறைக்குப் போகிற வழியில், மின்சாரக் காருக்கு சார்ஜ் போடும் மெஷின் நிற்கிறது. மெஷினுக்கும் கழிப்பறைக்கும் சேர்த்துப் பொறுப்பு சம்பூர்ணம் என்கிற துப்புரவுக்காரி. பொறுப்பு சேர்ந்ததால் சம்பளமும் சேர்ந்திருக்கும் என்று யாராவது நினைத்தால், அவர்கள் இந்த மாதிரி முதலாளிகளிடம் வேலை பார்த்ததில்லை என்று அர்த்தம்.

அந்தப் பொறுப்பு அவளுக்கு வந்ததே ஒரு கூத்து. மெஷினைப் பொருத்த வந்த இன்ஜினியர், சூப்பர்வைசரை நிற்க வைத்து ஒன்றரை மணி நேரம் சொல்லிக்கொடுத்தார். அவன் தலையை ஆட்டிக்கொண்டே போனில் கிரிக்கெட் பார்த்தான். பக்கத்தில் தரை துடைத்துக்கொண்டிருந்த சம்பூர்ணம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். இரண்டாவது மாதமே சூப்பர்வைசர் ஒரகடத்தில் கம்பெனி வேலை கிடைத்துப் போய்விட்டான். மறுநாள் வந்த கார்க்காரர் மெஷினின் வயர் நுனியில் துப்பாக்கி மாதிரி இருக்கும் கன்னைக் கையில் வைத்துக்கொண்டு திருதிருவென்று விழித்தபோது, சம்பூர்ணம் துடைப்பானைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து, கன்னை வாங்கி, காரில் அழுத்தி மாட்டி, பச்சைப் பொத்தானை அமுக்கினாள். ஓட ஆரம்பித்தது. முதலாளி அவளுக்கு ஒரு காக்கிக் கோட்டும் ஒரு போனும் கொடுத்தார். அந்த போனின் நம்பரைப் பெரிதாக அச்சடித்து மெஷினின் நெற்றியில் ஒட்டினார்கள்.

மின்சாரக் காரில் தூரப் பயணம் போகிறவர்களின் பாடு தனிப் பாடு. பெட்ரோல் காருக்கு வழியெல்லாம் பங்க் உண்டு. இவர்கள் மட்டும் போனைப் பார்த்துக்கொண்டே வரவேண்டும். எந்த மெஷின் ஓடுகிறதோ அது ஆப்பில் பச்சையாகத் தெரியும். தெரியும் என்று பெயர். மெஷின் செத்துக் கிடந்தாலும் அது பச்சையாகத்தான் இருக்கும் என்பது சம்பூர்ணத்துக்கு முதல் மாதமே தெரிந்துவிட்டது. பேட்டரியில் மூன்று பர்சன்ட்டோடு வந்து சேர்ந்த ஒருவர், பெண்டாட்டி பிள்ளைகள் முன்னால் அவளைக் காய்ச்சி எடுத்துவிட்டுப் போனார். அன்றைக்கு அவள் ஒரு முடிவு எடுத்தாள். யார் போன் செய்தாலும் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவது. ஓடினால் ஓடுகிறது. ஓடாவிட்டால் வராதே.

இது அப்படி என்ன பெரிய காரியம் என்று தோன்றலாம். அவளுக்குப் பெரிய காரியம். நாற்பத்து நான்கு வயது வரைக்கும் அவள் சொன்னதை யாரும் நம்பியதில்லை. மகள் சுகாசினிக்கு சாதிச் சான்றிதழ் வாங்கப் போனால், நீ சொன்னால் போதாது, சாட்சி கூட்டி வா என்றார்கள். புருஷன் வீராசாமி லாரியில் அடிபட்டுச் செத்தான். அவன் குடிக்காதவன் என்று அவள் தலையில் அடித்துக்கொண்டு சொன்னதை இன்சூரன்ஸ்காரர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அப்படிப்பட்டவளிடம், படித்த மனிதர்கள் ஆம்பூரிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் போன் போட்டு, "மெஷின் ஓடுதா அக்கா?" என்று கேட்டார்கள். அவள் சொன்ன ஒரு வார்த்தையை நம்பி அறுபது, எழுபது கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு வந்தார்கள்.

சும்மா ஓடுகிறது, ஓடவில்லை என்று சொல்வதோடு அவள் விடுவதில்லை.

"எத்தினி பர்சன்ட் இருக்குது?"

"இருபத்தி ரெண்டு. ரேஞ்சு எழுபது கிலோமீட்டர் காட்டுதுக்கா."

"அது காட்டும். ஏசி போட்டுக்கினு வரியா? அதுல கால்வாசிய கழிச்சிடு. மீதி எவ்ளோ வருதோ அதான் உன்னுது. மெதுவா வா, ரெண்டு இட்லி துன்னுட்டுப் போலாம்."

ஓசூர்க்காரர் ஜெயக்குமார் மாதம் ஒருமுறை வியாசர்பாடியில் இருக்கும் அப்பாவைப் பார்க்க மனைவியோடு இந்த வழியாகப் போவார். ஒருமுறை மெஷின் கெட்டிருந்தபோது, வராதே, வேலூரிலேயே போட்டுக்கொள் என்று சம்பூர்ணம் சொல்லியிருந்தாள். அடுத்த மாதம் அதற்காகவே வண்டியை நிறுத்தி, ஓசூர் ரோஜா ஒரு பொட்டலம் கொண்டுவந்து கொடுத்தார். அவள் நம்பரை 'காஞ்சிபுரம் அக்கா' என்று பெயர் போட்டு மின்சாரக் கார்க்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டதும் அவர்தான். அதற்குப் பிறகு ஒரு நாளைக்கு முப்பது போன் வந்தது. ஆப்பு பச்சையாகக் காட்டினாலும், அக்காவைக் கேட்டுவிட்டுக் கிளம்பு என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்களாம். சுகாசினி அதைப் படித்துக் காட்டிய அன்று சம்பூர்ணம் சிரித்துக்கொண்டே பாத்திரம் கழுவினாள்.

இந்த வருஷம் சித்திரை முடிகிற சமயத்தில் மெஷின் உள்ளே ஏதோ கருகி அடியோடு நின்றுபோனது. பாகம் வடக்கேயிருந்து வரவேண்டும் என்று கம்பெனிக்காரர்கள் சொன்னார்கள். ஆப்பில் வழக்கம்போல் பச்சை. சம்பூர்ணம் வழக்கம்போல், "வராதீங்க" என்றாள். பத்து நாள் அந்தப் பக்கம் ஒரு மின்சாரக் கார் நிற்கவில்லை.

பதினோராவது நாள், போன் செய்யாமலே ஒரு குடும்பம் வந்து மாட்டிக்கொண்டது. மெஷினுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு சாதாரண பிளக் உண்டு. அதில் போட்டால் சென்னை போய்ச் சேருகிற அளவுக்கு ஏற மூன்று மணி நேரம் ஆகும். வெயிலில் எங்கே போவார்கள்? ஓட்டலில் சாப்பிட்டார்கள். பிறகு ஏசி இருக்கிறதே என்று புடவைக் கடைக்குள் நுழைந்தார்கள். மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுந்தபோது ஆறு புடவை எடுத்திருந்தார்கள். அதில் ஒன்று கோர்வை போட்ட, விலை கூடிய கல்யாணப் புடவை.

முதலாளி திருஞானசம்பந்தத்துக்கு அன்று ஞானம் பிறந்தது. பிள்ளையார்பாளையத்துத் தறிக்கார வீட்டுப் பிள்ளை. நெற்றி நிறைய விபூதி, குரல் உயராத மனிதர். சாயங்காலம் சம்பூர்ணத்தைக் கடைக்குள் கூப்பிட்டார். துடைக்க அல்லாமல் அவள் அந்தக் கடைக்குள் போனது அதுதான் முதல் தடவை.

"சம்பூர்ணம், போன்ல என்னம்மா சொல்ற?"

"மெஷின் ஓடலன்னு சொல்றேங்க."

"ஏன் அப்டி சொல்ற? செவத்துல பிளக்கு இருக்குது, அதுல கரண்டு வருது. ஓடுதுன்னு சொன்னா அது பொய்யா?"

"அதுக்கு மூணு மணி நேரம் ஆவுதுங்களே."

"அத அவங்க கேட்டா சொல்லு. கேக்காததுக்கு ஏம்மா பதில் சொல்ற? முடியலன்னா சொல்லிடு, போன விஷால்கிட்ட குடுத்துடறேன். கஷ்டப்படுத்த மாட்டேன்."

விஷால் பில் போடுகிறவன், டிப்ளமோ படித்தவன். வெளியே வந்தபோது அவளுக்கு அறிவுரை வேறு சொன்னான். "உன் ரேஞ்சுக்கு எதுக்குக்கா இந்த வம்பு? சொல்றத சொல்லிட்டுப் போயேன்." காருக்கு ரேஞ்சு என்றால் எவ்வளவு தூரம் ஓடும் என்பது. ஆளுக்கு ரேஞ்சு என்றால் எவ்வளவு தூரம் வாயைத் திறக்கலாம் என்பது. இரண்டாவது கணக்கு சம்பூர்ணத்துக்குப் பிறந்ததிலிருந்தே தெரியும்.

அன்று ராத்திரி அவள் தனக்குத் தானே ஒரு சமாதானம் செய்துகொண்டாள். போன் விஷால் கைக்குப் போனால் அவன் எல்லாரிடமும் பொய் சொல்வான். தன்னிடமே இருந்தால், அவசரமாகப் போகிறவர்களுக்காவது உண்மையைச் சொல்லலாம். யார் கூப்பிட்டாலும், "எதுனா அவசரமா போறீங்களா?" என்று முதலில் கேட்பது. ஆமாம் என்றால் வராதே என்பது. சும்மா கோயில், சுற்றுலா என்றால் வா என்பது. மூன்று மணி நேரம் உட்கார்ந்தால் செத்தா போய்விடுவார்கள்? இப்படி ஆள் பார்த்துப் பிரித்து ஒன்பது பேரை வரவழைத்தாள். வந்தவர்கள் மெஷினைத் திட்டினார்கள், கம்பெனியைத் திட்டினார்கள், புடவை எடுத்துக்கொண்டு போனார்கள். அவளை ஒருவர்கூடத் திட்டவில்லை. அதுதான் அவளுக்குச் சோறு இறங்கவிடாமல் செய்தது.

மெஷின் நின்ற பத்தொன்பதாவது நாள், பதினொன்றரை மணிக்கு ஜெயக்குமார் போன் செய்தார்.

"அக்கா, வேலூர் கிட்ட வந்துக்கினு இருக்கேன். இங்க ரெண்டு மெஷின் காலியா காட்டுது. இங்கயே போட்டுக்கட்டா, உங்ககிட்ட வந்துடட்டா? அங்க ஓடுதுன்னா ஒரே ஸ்டாப்பா போயிடுவேன்."

விஷால் டீ கிளாஸோடு அவளை ஒட்டி நின்று காதைக் கொடுத்துக்கொண்டிருந்தான். நேற்றுத்தான் முதலாளியிடம், அக்கா போனில் என்னென்னவோ கேட்டு ஆளைத் திருப்பி அனுப்புகிறது என்று அவன் போட்டுக்கொடுத்திருந்தான். அவசரமா என்கிற கேள்வி அவள் நாக்கு வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. மாசா மாசம் போகிறவர்தானே என்று நினைத்துக்கொண்டாள்.

"ஓடுதுப்பா. வா."

ஒரு மணிக்குக் கார் வந்து நின்றது. ஜெயக்குமாரின் மனைவி முன் சீட்டில் அழுது முகம் வீங்கி உட்கார்ந்திருந்தாள். ஜெயக்குமார் இறங்கி நேராக மெஷினுக்குப் போய் கன்னை எடுத்து மாட்டினார். ஒரு சத்தமும் இல்லை. கழற்றி மறுபடியும் மாட்டினார். பிறகு அவளைப் பார்த்தார்.

"அப்பா காத்தால போயிட்டாருக்கா. நாலு மணிக்கு எடுக்குறாங்க. நான்தான் மூத்தவன்."

சம்பூர்ணம் மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நீங்க சொன்னப்ப ஓடிக்கினுதான் இருந்திருக்கும். இப்பதான் நின்னிருக்கும். இல்லக்கா?"

அவர் அதைக் குற்றமாகக் கேட்கவில்லை. அப்படியே இருந்துவிடக் கூடாதா என்று கேட்டார். அந்த நிமிஷமாவது அவள் வாயில் உண்மை வந்திருக்கலாம்.

"ஆமாம்பா. இப்பதான் நின்னுச்சு."

ஜெயக்குமார் தன் உள்ளங்கையைப் பார்த்தார். கன்னில் படிந்திருந்த நெடுஞ்சாலைப் புழுதி முழுவதும் அதில் ஒட்டியிருந்தது. ஒரு நாளில் படிகிற புழுதி இல்லை அது. அவர் கையை பேன்ட்டில் துடைத்துக்கொண்டு டாக்ஸிக்கு போன் செய்ய ஆரம்பித்தார். வைகாசி முகூர்த்த நாள், காஞ்சிபுரத்து வண்டியெல்லாம் கல்யாணத்துக்குப் போயிருந்தது. அரை மணி நேரம் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, காரையும் சாவியையும் அங்கேயே விட்டு, இருவரும் சாலையோரம் போய் வெயிலில் பஸ்ஸுக்கு நின்றார்கள். முதல் இரண்டு பஸ் நிற்கவில்லை. சம்பூர்ணம் ஓட்டல் பையன்களிடம் காரைத் தள்ளச் சொல்லி சுவர் பிளக்கில் போட்டாள். அவளால் செய்ய முடிந்தது அவ்வளவுதான், அது யாருக்கும் பிரயோஜனமில்லை.

மூன்றாம் நாள் அவர் காரை எடுக்க வந்தார். சம்பூர்ணம் முதலில் அவர் தலையைத்தான் பார்த்தாள். கொள்ளி வைத்த மூத்த மகனுக்குத் தலையில் முடி இருக்காது. அவருக்கு இருந்தது, சீவி விட்டதுபோல் அப்படியே இருந்தது. கேட்கவேண்டிய அவசியமில்லாமல் எல்லாம் தெரிந்துவிட்டது. ஆனாலும் அவரே சொன்னார்.

"ஐஸ் பெட்டி கெடைக்கல. வெயிலு. அஞ்சு மணி வரைக்கும் வெச்சிருந்துட்டு எடுத்துட்டாங்க. சித்தப்பா மகன் கொள்ளி வெச்சான். நாங்க சுடுகாட்டுக்குப் போறப்ப எரிஞ்சிக்கினு இருந்துச்சி."

அவள் வாயைத் திறக்கப் பார்த்தாள். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அன்னைக்கி, அது எத்தினி நாளா ஓடல?"

"பத்தொம்போது நாளா."

"சரிங்க" என்றார். காரை எடுத்துக்கொண்டு போனார்.

சம்பூர்ணம் நேராகக் கடைக்குள் போய், இனிமேல் தன்னால் அப்படிச் சொல்ல முடியாது என்று முதலாளியிடம் சொன்னாள். வேலையை விட்டு நிறுத்தினாலும் சரி என்றாள். அவர் கோபப்படவில்லை. அவர் எப்போதும் கோபப்பட்டதில்லை.

"நிறுத்துறது என்னாம்மா பேச்சு. நீ சொல்லவேணாம், உன் வேலையப் பாரு" என்று போனை மட்டும் வாங்கி விஷாலிடம் நீட்டினார்.

மறுநாள் காலை அவள் கழிப்பறை வாசலைத் துடைத்துக்கொண்டிருந்தாள். விஷால் மெஷினில் சாய்ந்துகொண்டு யாரிடமோ பேசிக்கொண்டிருந்தான். மறுமுனையில் என்ன கேட்டார்கள் என்று அவன் பதிலிலிருந்தே தெரிந்தது.

"அக்காவா? இருக்காங்க சார், இதோ பக்கத்துலதான் வேலையா இருக்காங்க. அக்காதான் சொல்லச் சொன்னாங்க, மெஷின் நல்லா ஓடுதுன்னு. தாராளமா வாங்க."