இல்லாத சாலைக்கு ஓர் இணைப்புச் சாலை

சர்வே வேலை பார்க்கிறவன் மனிதர்களை நேராகப் பார்ப்பதைவிட லென்ஸ் வழியாகப் பார்ப்பதே அதிகம்; ஆரோக்கியசாமியை நான் கடைசியாக உயிரோடு பார்த்ததும் அப்படித்தான். செஞ்சிக்குக் கிழக்கே அவருடைய ஊர்க் கல்லறைத் தோட்டத்தில், நான் பார்க்க வேண்டிய கம்பத்தை மறைத்துக்கொண்டு குடையோடு நின்றிருந்தார். தள்ளி நிற்கச் சொல்லிக் கையைக் காட்டினேன். ஓர் அடி நகர்ந்தார். ஏதோ சொன்னார். வாய் அசைவது லென்ஸில் தெரிந்தது, அவ்வளவு தூரத்துக்குச் சத்தம் வரவில்லை. எனக்கு வேண்டிய அளவு கிடைத்துவிட்டதால் அடுத்த இடத்துக்குக் கருவியைத் திருப்பினேன்.

வெயிலில் மூன்று கால் ஸ்டாண்டைத் தோளில் சுமந்த சகாக்களுக்கு இந்த வேலையை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். செஞ்சி ஊரிலிருந்து விரைவுச்சாலைக்குப் போக ஓர் இணைப்புச் சாலைக்கு வழி பார்க்கச் சொல்லியிருந்தார்கள். அந்த விரைவுச்சாலை செஞ்சிப் பக்கம் இன்னும் நீளவில்லை. நீட்டலாமா என்று எங்கோ யோசித்துக்கொண்டிருந்தார்கள். நீட்டினால் ஊருக்குக் கிழக்கே வரலாம். வந்த பிறகு இடம் தேடினால் வீடும் கடையுமாக அடைத்திருக்கும், அதனால் வழியை முன்கூட்டியே குறித்து வையுங்கள் என்பது உத்தரவு. நான் பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன். கருவியையும் வரைபடத்தையும் பக்கத்தில் நின்று பார்த்தே பழகியவன். எத்தனையோ ரோடுகளுக்கு அளந்திருக்கிறேன். இல்லாத ரோட்டுக்குப் போகிற ரோட்டை அளந்தது இது ஒன்றுதான்.

டீக்கடை விசாரணை

உங்களுக்கும் இது நடந்திருக்கும். ஸ்டாண்டின் காலை விரித்தால் போதும், டீக்கடை காலியாகி எல்லோரும் நம்மைச் சுற்றி நிற்பார்கள். அன்று கடைக்காரரே கையில் ஈரக் கிளாஸோடு வந்துவிட்டார்.

“இன்னா சார், ரோடா?”

“ரோடுதாங்க.”

“எங்க போவுது?”

“விரைவுச்சாலைக்கு.”

“அது எங்க இருக்குது?”

“இன்னும் வரலை.”

“எப்ப வருது?”

“வருதான்னே தெரியாதுங்க.”

அவர் கருவியை ஒருமுறை சுற்றி வந்தார். அது பார்க்கும் திசையில் தானும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். அங்கே வேர்க்கடலைக் கொல்லையும் நாலைந்து பனையும்தான் இருந்தன. கடைக்குத் திரும்பிப் போகும்போது, பெஞ்சில் இருந்தவர்களுக்கும் கேட்கும்படி சொன்னார்: “பொண்ணே பார்க்கல, பந்தக்கால் நட வந்துட்டாங்க.”

சிவப்புக் கோடு

மூன்று வழிகள் வரைந்தோம். சிவப்பு, நேராகக் கிழக்கே போவது, நீளம் குறைவு. நீலம், ஏரியைச் சுற்றிப் போவது. பச்சை, திருவண்ணாமலை சாலையில் கோட்டைப் பக்கம் தொடங்கி ஊரை வளைத்து வருவது. எங்கள் குழுவுக்குத் தலைவராக இருந்த இளம் என்ஜினியர் தினேஷுக்குச் சிவப்புதான் பிடித்திருந்தது. அந்தச் சிவப்புக் கோடு கல்லறைத் தோட்டத்தின் ஒரு மூலையை நறுக்கிக்கொண்டு போனது. அந்த மூலையை அளக்கப் போனபோதுதான் ஆரோக்கியசாமியைத் தெரிந்துகொண்டேன்.

வயது எழுபதுக்கு மேல். பக்கத்துக் கொல்லை அவருடையது. ஒரு கல்லறையைச் சுற்றிப் புல் பிடுங்கிக்கொண்டிருந்தார். நீலம் அடித்த சிமென்ட் சிலுவை, அதில் லூர்துமேரி என்று பெயர். “என் வீட்டுக்காரி,” என்றார். பக்கத்தில் ஓர் ஆள் படுக்கும் அளவுக்கு வெற்றிடம் துப்புரவாக இருந்தது. அது யாருக்கு என்று நான் கேட்கவில்லை, அவராகவே சொன்னார், ஊரில் பேசி வாங்கிவைத்திருக்கிறாராம். கோட்டைக் குறிக்கும் சிவப்புத் தலை முளைக்குச்சியை நான் அடித்தது அந்த இடத்துக்குத் தலைமாட்டில்.

கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவருக்கு வேறு சந்தேகம் இருந்தது.

“தம்பி, ரோடு போட எவ்ளோ ஆழம் தோண்டுவீங்க?”

“இங்க தாழ்வான இடம் ஐயா. தோண்ட மாட்டாங்க. மண்ணு கொட்டி மேடாக்குவாங்க.”

பிடுங்கிய புல்லைச் சுவருக்கு அப்பால் வீசினார். “மண்ணு போடத்தான் எப்படியும் எல்லாரும் வரப்போறாங்க. நீங்க லாரில கொண்டாறீங்க, அவ்ளோதான்.”

கேள்வி என் பக்கம் திரும்பியது

அதன்பிறகு அந்தப் பக்கம் வேலை இருந்தால் அவர் கொல்லையில்தான் சாப்பாட்டு டப்பாவைத் திறப்பேன். மல்லாட்டையை, அந்தப் பக்கம் வேர்க்கடலைக்கு அதுதான் பெயர், அவித்துக் கொண்டுவந்து தருவார். சிமென்ட் சிலுவை பெயர்ந்தால் மறுபடி நிற்குமா, சவப்பெட்டியைக் கிரேனில் தூக்குவார்களா, எடுத்தால் எந்த ஊரில் கொண்டுபோய் வைப்பார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். பயந்து கேட்கிற மாதிரியே இருக்காது. போக வேண்டிய பஸ்ஸைப் பற்றி விசாரிக்கிற மாதிரி இருக்கும். ஒன்று மட்டும் அவருக்கு நிச்சயமாக வேண்டியிருந்தது, அவள் பக்கத்தில் இடம். அது எங்கே இருந்தாலும் சரி.

ஒரு மதியம் என்னைக் கேட்டார்: “உங்க வீட்ல?”

“தவறிட்டாங்க ஐயா. ரொம்ப வருஷமாச்சு.”

“எங்க வெச்சிருக்கீங்க?”

“எங்கள்ல எரிக்கிறது. சாம்பலைக் கடல்ல கரைச்சோம்.”

அவர் கடலையை உரித்து என் பக்கம் தள்ளினார். “அப்ப உங்களுக்கு ரோட்டால தொந்தரவில்ல.”

பச்சைக் கோடும் கோட்டையும்

பச்சைக் கோட்டின் வால் கோட்டைப் பக்கம் இருந்ததால், பாதுகாக்கப்பட்ட எல்லை எங்கே முடிகிறது என்று பார்க்கப் போனோம். மதிலையும் மலையையும் பார்க்க வந்த கூட்டத்துக்கு நடுவில் நாங்கள் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு நடந்தோம். வாசலில் இருந்த காவலாளிக்கு வரைபடத்தைப் பார்க்க ஆசை. விரித்துக் காட்டினேன். மூன்று நிறங்களையும் விரலால் தொட்டு, எது நிஜம் என்று கேட்டார். எந்தப் பக்கம் வரும் என்று தெரியாததால் மூன்றையும் வைத்திருக்கிறோம் என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. அண்ணாந்து ராஜகிரி மலைக்கோட்டையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “இதையும் அப்படித்தான் கட்டியிருக்காங்க. எவன் எந்தப் பக்கம் வருவான்னு தெரியாம எத்தினி வாசல் வெச்சிருக்கான் பாருங்க.”

சிவப்பில் விழுந்தவர்கள்

கல்லறைத் திருநாள் அன்று வரச்சொல்லி ஆரோக்கியசாமி கூப்பிட்டிருந்தார். போனேன். எல்லாக் கல்லறைகளிலும் மெழுகுவத்தியும் சாமந்தியும். என் முளைக்குச்சிகளின் சிவப்புத் தலைகள் நடுநடுவே தெரிந்தன. யாரும் பிடுங்கவில்லை, எனக்கு அது வியப்பு. குச்சிக்கு இந்தப் பக்கம் யார், அந்தப் பக்கம் யார் என்று ஊரே கணக்கு வைத்திருந்தது. பெருசுகள் இரண்டு பேர், இனிமேல் யாரையும் குச்சிக்கு உள்ளே புதைக்க வேண்டாம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஆரோக்கியசாமி அதைக் கேட்டும் கேட்காத மாதிரி வத்தி கொளுத்தினார்.

அப்போது ஓர் அம்மாள் என்னைக் காட்டிப் பக்கத்தில் நின்றவளிடம் சொன்னார், குரலைத் தாழ்த்தாமலே: “எங்க மாமியாரு செவப்புல விழறாங்க, மாமனாரு வெளிய. உயிரோட இருந்தப்பவும் அப்படித்தான் இருந்தாங்க.”

ஏறுவதற்கு வழி

அந்த ஊருக்கு அடுத்து ஒரு தெரு. நிலமில்லாத குடும்பங்கள் இருந்த தெரு என்று சொல்வார்கள். இப்போது அங்கே நர்ஸ், வாத்தியார், கம்பெனி வேலை என்று வீட்டுக்கு ஒருவர் இருக்கிறார்கள். மூன்று கோடுகளில் சிவப்புதான் அந்தத் தெருவின் முனையை ஒட்டிப் போனது. அங்கிருந்து செல்வி என்ற பெண், அரசுப் பள்ளி ஆசிரியை, கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு வந்தார். சிவப்பு வேண்டாம் என்று கல்லறைக்காரர்கள் பேசி முடித்திருந்தார்கள். சிவப்புதான் வேண்டும் என்று அவர் ஆரம்பித்ததும் கூட்டம் சலசலத்தது. ஆரோக்கியசாமிதான் கையைத் தூக்கி, “டீச்சரைப் பேசவுடுங்கப்பா,” என்றார்.

செல்வி வரைபடத்துக்குப் பக்கத்தில் வந்து தன் தெருவைத் தேடிக் கண்டுபிடித்தார். தெருவுக்கும் கோட்டுக்கும் நடுவில், சாலை ஓரமாக வரப்போகிற வேலியைத் தொடர்ச்சியாக வரைந்திருந்தோம். அதைக் காட்டி தினேஷிடம் கேட்டார்: “பக்கத்துலயே போவுது, சரி. நாங்க ஏறுறதுக்கு எங்க சார் வழி?”

அன்று வந்த போன்

மழை முடிந்து வேலையை மறுபடி தொடங்கியிருந்தோம். நான் முதலில் சொன்னேனே, குடையோடு அவரை லென்ஸில் பார்த்தது, அதற்கு மறு வாரம் அவர் மகன் பிரான்சிஸ் போன் செய்தான். ஓசூரில் வேலை பார்ப்பவன். அப்பாவிடம் கேட்டு என் நம்பரை முன்பே வாங்கி வைத்திருந்தானாம்.

“சார், நைனா காலைல தவறிட்டாரு. சாயங்காலம் அடக்கம். ஊர்ல பெருசுங்க தள்ளி வையின்றாங்க. அம்மா பக்கத்துல வெச்சா கோட்டுல விழுது, ரெண்டாவது வாட்டி எடுக்கணும்னு சொல்றாங்க. குழி வெட்டுற ஆளு நிக்கிறான். எந்தக் கோடுன்னு சொல்லுங்க சார்.”

அவனிடம் ஐந்து நிமிடம் அவகாசம் கேட்டுவிட்டு தினேஷிடம் போனேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் கையில் இருந்த பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்: “அண்ணே, விரைவுச்சாலை எங்க வரும்னு யாராவது எனக்குச் சொல்லட்டும், கோடு எதுன்னு அடுத்த நிமிஷம் நான் சொல்லிடறேன்.”

பிரான்சிஸைக் கூப்பிட்டேன். எந்தக் கோடு என்று எங்களில் யாருக்கும் தெரியாது என்றேன். பிறகு எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். “அம்மா பக்கத்துலயே வைப்பா. எடுக்க வேண்டி வந்தா ரெண்டு பேரையும் சேர்த்து எடுப்பாங்க, ஒரே இடத்துல வைப்பாங்க. தள்ளி வெச்சா அம்மாவை மட்டும் எடுத்துட்டுப் போயிடுவாங்க, அப்பா இங்கயே நின்னுடுவாரு.”

அந்தப் பக்கம் யாரோ அழுவதும், யாரோ நாற்காலி இழுப்பதும் கேட்டது. பிறகு அவன், “இதுக்கு யார்கிட்டயாவது பர்மிஷன் வாங்கணுமா?” என்றான். வேண்டாம் என்றேன்.

“அப்ப வெட்டச் சொல்லிட்றேன் சார்.”

* * *

சிவப்பையே முடிவு செய்தார்கள். ஊரிலிருந்து முதல் பகுதிக்குத் தாரும் போட்டாயிற்று. செல்வியின் தெரு முனையில் வேலியைத் திறந்து சரிவு வைத்திருக்கிறார்கள், ஆட்டோ ஏறுகிறது. மீதியை விரைவுச்சாலை வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறார்கள். நான் வேலையிலிருந்து நின்றுவிட்டேன். எப்போதாவது அந்தப் பக்கம் போனால், தார் முடிகிற இடத்தில் கடலை காயவைத்திருப்பார்கள், யாராவது ஸ்கூட்டி ஓட்டப் பழகிக்கொண்டிருப்பார்கள்.

எங்கேயும் போகாத எங்கள் சாலை கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு இந்தப் பக்கம் நிற்கிறது, சுவருக்கு அந்தப் பக்கம் லூர்துமேரியும் ஆரோக்கியசாமியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறார்கள்.