கஸ்டர்டு கூப்பரின் கௌரவம்

எங்கள் கடலோர ஊரான வெக்ஸ்பியில் கல்லெறிந்தால் ஒரு கூப்பர் தலையில்தான் விழும். நண்டு பிடிப்பவர் கூப்பர், பாதிரியார் கூப்பர், அவரோடு சண்டை பிடிப்பவரும் கூப்பர். ஊருக்கே ஒரே குடும்பப்பெயர் என்பதால் இங்கே பட்டப்பெயர்தான் பெயர். யாரும் அதைக் கேட்டு வாங்குவதில்லை. அடித்த கூத்துகளில் பெரியது எதுவோ அது ஒட்டிக்கொள்ளும், அதைவிடப் பெரிய கூத்து அடித்தால்தான் மாறும். நான் என் டீக்கடையில் கெட்டிலைக் கருக்கியவள். என் பெயரை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

என் அண்ணன் வில்ஃப்ரெட் இளவட்டமாக இருந்தபோது, சர்ச் விருந்தில் ஒரு பெண்ணைப் பார்த்தபடியே பின்னால் நகர்ந்து, நாற்காலியில் வைத்திருந்த கஸ்டர்டுக் கிண்ணத்தில் உட்கார்ந்துவிட்டான். அன்றிலிருந்து கஸ்டர்டு. பிறகு முப்பது வருஷம் உயிர்காப்புப் படகில் போய் எத்தனையோ பேரைக் கடலிலிருந்து இழுத்துப் போட்டான். பிழைத்து வந்தவர்களிடம், "உங்களைக் காப்பாத்துனது கஸ்டர்டு" என்றுதான் சொன்னோம்.

போன வசந்தத்தில், ஊர் மண்டபத்தில் 'பேர்பெற்ற கூப்பர்கள்' என்று ஒரு பலகை மாட்ட முடிவானது. எழுதும் வேலை ஹொரேஸுக்கு. காரைக் குளத்துக்குள் ஓட்டியதால் அவன் வாத்து. அண்ணன் அவனிடம் போய், பலகையில் வில்ஃப்ரெட் கூப்பர் என்று மட்டும் இருக்கவேண்டும் என்றான்.

"ஊர்ல நாலு வில்ஃப்ரெட்டு இருக்கானுங்க" என்றான் வாத்து. "மத்த மூணு பேரும் நான்தான்னு மார்தட்டுவானுங்க. கஸ்டர்டுன்னு போட்டாத்தான்யா அது நீ."

அண்ணனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இனி கஸ்டர்டு என்று யார் கூப்பிட்டாலும் வாயே திறப்பதில்லை என்று சபதம் போட்டுவிட்டான். கழுதைப் பிடிவாதம், எங்கள் அப்பாவிடமிருந்து வந்தது.

மறுவாரமே, அண்ணனுடையது உட்பட நண்டுப் படகுகள் கடலில் இருக்கும்போது மூடுபனி இறங்கியது. அப்படி இறங்கினால் கரையில் நின்று பாத்திரத்தைத் தட்டி, ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவோம். பதில் குரல் வந்தால் ஆள் இருக்கிறான் என்று அர்த்தம். மற்ற எல்லாரும் பதில் கொடுத்தார்கள். கஸ்டர்டு என்று கத்தினோம். சத்தமே இல்லை. தொண்டை கிழியக் கத்தினேன். கடைசியில் நானே இறங்கிவந்து வில்ஃப்ரெட் என்று கூப்பிட்டேன். பனிக்குள்ளிருந்து மற்ற மூன்று வில்ஃப்ரெட்டுகளும் என்னவென்று கேட்டார்கள். எந்தக் குரல் எவனுடையது என்று தெரியாமல் கரையில் உட்கார்ந்து அழுதேன்.

உயிர்காப்புப் படகை இறக்கினார்கள். கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில், மணல் திட்டில் தட்டி நின்ற படகில், அண்ணன் சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தான். நான் வில்ஃப்ரெட் என்று கூப்பிட்டபோது வாயில் ரொட்டி இருந்ததாம்.

வீணாகப் படகை இறக்கவைத்ததற்கு அன்று மாலையே புதுப் பெயர் வந்துவிட்டது: தண்டம். முப்பது வருஷம் அந்தப் படகில் போனவனுக்குத் தண்டம்! எனக்கே நெஞ்சு பொறுக்கவில்லை. பலகையில் எழுத ஞாயிற்றுக்கிழமை நாள் குறித்திருந்தார்கள். அன்றுதான் சர்ச் விருந்தும்.

சனிக்கிழமை அண்ணன் என் கடைக்கு வந்து தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

"கெட்டிலு, நீ நண்டு அவிக்கிற அண்டா இருக்குல்ல, அது நெறைய கஸ்டர்டு கிண்டித் தர்றியா?"

எதற்கென்று நான் கேட்கவில்லை. கிண்டி, நன்றாக ஆறவைத்தும் கொடுத்தேன். கூடப்பிறந்தவன் ஆயிற்றே.

விருந்தில் பாதிரியார் ஜெபத்தை முடித்ததும் அண்ணன் எழுந்தான். உயிர்காப்புப் படகுச் சீருடை, மார்பில் பதக்கம். நேராகக் கஸ்டர்டு அண்டா பக்கம் போனான், திரும்பினான், உட்கார்ந்தான். முழங்கால் இரண்டும் காதுக்குப் பக்கத்தில் வந்துவிட்டன. பாதிரியாரின் அங்கி மஞ்சளாகிவிட்டது. நான்கு பேர் இழுத்தும் அவன் வெளியே வரவில்லை. ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. அண்டாவுக்குள் இருந்தபடியே வாத்தைப் பார்த்தான்.

"இப்ப எழுதுடா."